வத்தேகமவில் ஒரு துணித்துண்டு நகரம்

1. அக்கா கொழும்பில் ஆடைத் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள்.
2. வத்தேகம சந்தைக்குக் கொஞ்சம் மேலே, தேயிலைத் தோட்டத்துப் பாதை பிரியும் இடத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தையல் கடை போட்டாள்.
3. யாரும் துணி கொண்டுவரவில்லை.
4. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்து அம்மா ஒருவர் கோதுமை மாப் பையோடு வாசலில் வந்து நின்றார்.

நான் கண்டியில் ஓர் அலுவலகத்தில் நிலப்பயன்பாட்டு வரைபடங்கள் வரைகிறேன். நகரத் திட்டமிடலில் டிப்ளோமா படித்திருக்கிறேன். ஊர்கள் எங்கே தோன்றும் என்பது எங்களுக்கு முதல் பாடம்: வழிகள் ஒன்றுசேர வேண்டும், தண்ணீர் வேண்டும், கொஞ்சம் சமதரை வேண்டும். அக்கா பார்த்த இடத்தில் மூன்றுமே இருந்தன. தோட்டத்து பஸ் திரும்பி நிற்பதும் அங்கேதான். நல்ல இடம் என்று நானும் சொன்னேன்.

முதல் மாதம் முடிந்தபோது அக்கா சொன்னாள்: "ஒன் மேப்புல ஊரு இருக்கு. ஆளத்தான் காணோம்."

தீபாவளி வரை பார்ப்பது, அதற்குள் கடை ஓடாவிட்டால் மகளை எங்கள் அம்மாவிடம் விட்டுவிட்டு மறுபடியும் கொழும்புக்குப் போவது என்று அவள் முடிவு செய்திருந்தாள். மகள் இரண்டாம் வகுப்பில் இருந்தாள்.

அந்த மாப் பை அம்மா கேட்டது இதுதான்: "ஏம்மா, இத இங்க வச்சிட்டு மருந்துக் கடைக்குப் போய்ட்டு வந்துறவா?"

"வச்சிட்டுப் போங்க. எலி இல்ல," என்றாள் அக்கா.

தோட்டத்திலிருந்து வருகிறவர்கள் மரக்கறி நல்லதாகக் கிடைக்க வேண்டும் என்று காலையிலேயே சந்தையை முடித்துவிடுவார்கள். பிறகு மருந்துக் கடை, கோயில். பஸ் வரும்வரை அரிசியையும் மாவையும் கையில் தூக்கிக்கொண்டே அலைவார்கள். டவுன் கடைகளில் ஏதாவது வாங்கினால்தான் பை வைக்க விடுவார்கள். அடுத்த ஞாயிறு அக்காவின் கடையில் நாலைந்து பைகள் இருந்தன. அதற்கடுத்த ஞாயிறு தையல் மெஷினுக்குப் போக வழியில்லை.

பைகளெல்லாம் ஒரே மாதிரி. ஒருநாள் இரண்டு பேர் ஒரே பையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"இது எம்பை. உள்ள பருப்பு இருக்கு, பாருங்க."

"ஏன், பருப்பு ஒங்க வீட்ல மட்டுந்தான் வேகுதா?"

பையைப் பிரித்துப் பார்த்துத்தான் தீர்க்க வேண்டியிருந்தது. அன்று மாலை அக்கா வெட்டுத்துணிக் கூடையைக் கொட்டி, ஒவ்வொரு துண்டையும் இரண்டாகக் கிழித்து வைத்தாள். பாதியைப் பையில் கட்டுவாள், பாதியைப் பைக்காரரின் கையில் கொடுப்பாள்.

ஆதி நகரங்களில் தானியத்தைச் சேர்த்து வைக்க இடம் வேண்டியிருந்தது, எது யாருடையது என்று காட்ட அடையாளம் வேண்டியிருந்தது என்று பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். பாதை, தண்ணீர், சமதரை எல்லாம் கேள்வித்தாளின் முற்பகுதி. இது கடைசியில் வரும் சின்னக் கேள்வி. அக்காவிடம் இதைச் சொன்னேன். "சரி, அந்தப் பூத்துணிய நேரா கிழி," என்றாள்.

பிறகு நடந்ததை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. கையில் துண்டோடு சுற்றியவர்கள் அதைப் பார்க்கத் தொடங்கினார்கள். மாப் பை அம்மாதான் முதலில் கேட்டார்: "இந்தத் துணியில எம்மகளுக்கு ஒரு சட்டை வருமா?" துணி எங்கே கிடைக்கும் என்று அக்கா சொன்னாள். மறு வாரம் அவர் துணியோடு வந்தார், கூட இன்னும் இருவர். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் உட்கார வீட்டிலிருந்து இரண்டு கதிரை கொண்டுபோய்ப் போட்டோம். ஆட்கள் உட்கார்வதைப் பார்த்து, கெலிஓயாப் பக்கத்து முஸ்லிம் அண்ணன் ஒருவர் எதிரே வடை வண்டியை நிறுத்தினார். வடை விற்பதைப் பார்த்து ஆட்டோக்கள் நின்றன. குடை திருத்துகிறவர் எப்போது வந்தார் என்று எனக்குத் தெரியாது.

தீபாவளிக்கு முந்தின வாரம் அக்கா சாப்பிட நேரமில்லாமல் தைத்தாள். நான் வேலை முடிந்து போய்ப் பொத்தான் வைத்துக் கொடுத்தேன்.

இப்போதைய நிலை: அக்கா கொழும்புக்குப் போகவில்லை. பக்கத்து அறையையும் எடுத்துவிட்டாள், அது பைகளுக்கு. மகள் பள்ளிக்கூடம் விட்டு நேரே கடைக்கு வருகிறாள்.