கோடு விழாத பட்டை

2003-ஆம் ஆண்டு. எட்டாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு அரியலூர் சுண்ணாம்புச் சுரங்கம் ஒன்றில் லாரி ஓட்டும் வேலை கிடைக்கவிருந்தது. சிறுநீர்ப் பரிசோதனை மட்டும்தான் பாக்கி.

"மருந்து ஏதாச்சும் சாப்பிடுறீங்களா?" என்று லேப் மேடம் கேட்டார்.

ஒரு வாரமாக இருமல் மருந்து குடித்துக்கொண்டிருந்தேன். சொன்னால் டி.பி. என்று கழித்துவிடுவார்களோ என்ற பயத்தில், "இல்லீங்க" என்றேன்.

போதைப்பொருள் இல்லையென்றால், சிறுநீரில் நனைத்த பட்டையில் இரண்டு கோடு விழவேண்டுமாம். எனக்கு ஒன்றுதான் விழுந்தது.

"என்னய்யா, அபினா?" என்று சிரித்த மேனேஜர், எனக்குப் போதைப் பழக்கம் உண்டென்று எழுதிய தாளை நீட்டினார். "கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பு."

பையிலிருந்த மருந்து பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தேன். "இதைத்தான் சார் குடிச்சேன். மறைச்சது என் தப்பு."

மேடம் லேபிளைப் படித்தார். "இதுல கோடீன் இருக்கு சார், அபின் வகை. மருந்துக்குக் குடிச்சதா, போதைக்கான்னு பட்டைக்குத் தெரியாது. பெரிய லேபுக்கு அனுப்பணும்."

"அதுக்கெல்லாம் நேரமில்ல. போடுறியா, இல்லையா?"

"மருந்து குடிச்சேன்னு எழுதுங்க, போடுறேன். இதுல போட மாட்டேன் சார்."

வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். இன்றும் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன்தான் நான். அன்று பயந்துபோய் ஒரு பொய் சொன்னது உண்மை. ஆனால் அவர்கள் எழுதிய பொய்க்குக் கீழே என் பெயர் இல்லை.