பேராசிரியரைச் சுமந்த பாலசுந்தரம்

பாலசுந்தரம் எனக்கு ஆயிரத்து நானூறு யூரோ தரவேண்டியிருந்தது. இரண்டாயிரத்துப் பதினாலில் மனைவி புஸ்பவதியை ஊரிலிருந்து இத்தாலிக்கு, இந்தப் பலெர்மோவுக்கு எடுப்பிப்பதற்காக வாங்கிய கடன். அவள் வந்து இறங்கிய கிழமையே தாலிக்கொடியைக் கழற்றி ஈடாகத் தந்தாள். கொடி என் இரும்புப் பெட்டிக்குள்ளும் மஞ்சள் கயிறு அவள் கழுத்திலுமாக இரண்டு வருடம் போனது. வட்டி வாங்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். மற்றவர்கள் வாங்குவதில் பாதிதான் வாங்கினேன்.

நான் கோபாலசிங்கம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எண்பத்தொன்பதில் இந்த நகரத்துக்கு வந்து வுச்சீரியாச் சந்தையில் மீன் பெட்டி கழுவினேன். இன்றைக்கு போர்கோ வெக்கியோவில் கடையும் அதற்கு மேல் வீடும் என் பெயரில் இருக்கின்றன. ஒருவரும் தூக்கிவிடவில்லை, நானே ஏறினேன். என்னைப் பற்றி எழுத நிறைய உண்டு. அதை எழுத ஆட்களும் வருவார்கள். பாலசுந்தரத்தைப் பற்றி எழுத ஒருவரும் வரமாட்டார்கள். அதனால் நான் எழுதுகிறேன்.

அவன் பரந்தன் பக்கத்து ஆள். உழவு இயந்திரம் ஓட்டியவன். யுத்தத்தின் கடைசி மாதங்களில் காயப்பட்ட தகப்பனை முதுகில் சுமந்துகொண்டு இடம் இடமாக நடந்திருக்கிறான். முதுகில் இருந்தபடியே தகப்பன் முடிந்துபோனார் என்று என்னிடம் ஒரு தடவை சொன்னான். பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இங்கே வந்தபின் லிபெர்த்தா வீதியில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் வீட்டில் அவனுக்கு வேலை. பாறைகளைப் பற்றிப் படிப்பித்தவர் அவர். இடுப்பில் சத்திரசிகிச்சை செய்து, தடியோடும் சரியாக நடக்க முடியாதவர். குளிப்பாட்டுவது, உடுப்புப் போடுவது, மாடிப்படி இறக்குவது எல்லாம் பாலசுந்தரம்.

பதினாறாம் ஆண்டு வைகாசியில் பல்கலைக்கழகப் பிள்ளைகள் பாறை படிக்க அமெரிக்காவின் பாலைவனத்துக்குப் போனார்கள். ஆறு அறுத்த பள்ளத்தாக்குகளும் தேசியப் பூங்காக்களுமாக இரண்டு கிழமைப் பயணம். பழைய பேராசிரியரையும் மரியாதைக்கு அழைத்தார்கள். சாகமுதல் இன்னொரு தடவை பார்க்கவேண்டும் என்று மனுசன் அடம்பிடித்தார். பாலசுந்தரம் கூடப் போனால்தான் விடுவேன் என்றாள் மகள் செலஸ்ரீனா. வீட்டுக் கணக்கு வழக்கெல்லாம் அவள் கையில். இரவு பகலாகப் பார்த்துக்கொள்ள ஆயிரத்து நானூறு, முடிவில் பேராசிரியரே கையில் தருவார் என்று பேச்சு. என் கடனும் அதேயளவு. கொடி மீண்டுவிடும் என்று புஸ்பவதி சந்தோசப்பட்டாள்.

"எழுத்திலை வாங்கடா," என்றேன்.

"அந்த மனுசனிட்டை எழுத்துக் கேக்கிறதே அண்ணை? தேப்பன் மாதிரியெல்லே."

"தேப்பன் சம்பளம் தாறேல்லை. இவர் தாறவர்."

அவன் கேட்கவில்லை. போனான்.

திரும்பி வந்து என் கடையில் அரிசி மூட்டைக்கு மேல் இருந்துகொண்டுதான் எல்லாம் சொன்னான். வாகனம் போகிற மட்டும் பேராசிரியர் வாகனத்தில் இருந்தாராம், மிச்சத் தூரமெல்லாம் இவன் முதுகில். சிவந்த மண், கொதிக்கிற வெயில், இரண்டு பக்கமும் கோயில் மதிலைவிட உயர்ந்த பாறை, நடுவில் ஒரு ஆள் மட்டும் நுழையக்கூடிய வெடிப்பு. கிழவர் முதுகில் இருந்தபடி தடியால் பாறையைத் தட்டித் தட்டிப் பாடம் நடத்தியிருக்கிறார். பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள்.

"ஒரு இடத்திலை கல்லிலை ஒரு கோடு அண்ணை. கீழை ஒரு காலம், மேலை ஒரு காலம். நடுவிலை கோடிக்கணக்கான வருசம் காணாமப் போச்சாம். இருந்த அடையாளமே இல்லையாம்."

"காணாமப் போனதைப் பற்றிப் படிக்க அமெரிக்கா போகோணுமே? எங்கடை சனத்தைக் கேட்டிருக்கலாம்."

சிரித்தான். சிரிப்புப் பாதியில் நின்றுவிட்டது.

"சரி, காசு எங்கை?"

அவன் வாசல் பக்கம் பார்த்தான்.

"கடைசி நாள் பின்னேரம், பள்ளத்தாக்கு விளிம்பிலை எல்லாரும் இருக்கேக்கை உறையை எடுத்து நீட்டினவர். பெடியள் எல்லாற்றை முன்னாலையும் டக்கெண்டு கையை நீட்டுறதே? ஒருக்கா வேண்டாம், இருக்கட்டும் எண்டன். இன்னொருக்கா நீட்டுவார் எண்டு பாத்துக்கொண்டு நிண்டன்."

"நீட்டினவரோ?"

"கட்டிப்பிடிச்சார். பெடியள் கை தட்டினவை. உறையைப் பொக்கற்றுக்குள்ளை வைச்சிட்டார்."

எங்கள் ஆட்கள் ஒரு கோப்பைத் தேத்தண்ணியைக்கூட முதல் தரம் வேண்டாம் என்று சொல்லித்தான் வாங்குவார்கள். கொடுக்கிறவரும் விடமாட்டார், கையில் திணிப்பார். இத்தாலியனுக்கு அது எங்கே தெரியும்? வேண்டாம் என்றால் அவனுக்கு வேண்டாம்தான். இதை நான் எண்பத்தொன்பதிலேயே, முதல் கிழமைக் கூலியோடு படித்துவிட்டேன். இவனுக்கு ஐந்து வருடம் போதவில்லை.

அடுத்த சனிக்கிழமை நானே அவனைக் கூட்டிக்கொண்டு லிபெர்த்தாவுக்குப் போனேன். என் இத்தாலிய மொழி மீன் சந்தையில் படித்தது. ஆனால் நான் பேசி விளங்காமல் போனவர் ஒருவரும் இல்லை.

பேராசிரியர் யன்னலோரம் இருந்தார். என்னைக் கண்டதும், நான் வாய் திறக்கமுதல் தொடங்கிவிட்டார்.

"உங்கள் நண்பன் இரண்டு கிழமை என்னைச் சுமந்தான். ஒரு சதம் வாங்கவில்லை. என் சொந்தக்காரரில் இப்படி ஒருவன் இல்லை."

"ஐயா, அவன் வேண்டாம் என்றது மரியாதைக்கு. அது அவனுடைய கூலி. அவனுக்குக் கடன் இருக்கிறது. அவன் மனைவியின் தாலி ஈட்டில் இருக்கிறது," என்றேன்.

பேராசிரியர் பாலசுந்தரத்தைப் பார்த்தார். "உண்மையா?"

அவன் நிலத்தைப் பார்த்துத் தலையாட்டினான்.

"இவன் காசு வாங்கவில்லை என்று நான் எல்லோருக்கும் சொல்லிவிட்டேனே," என்றார் கிழவர். பிறகு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

செலஸ்ரீனா உள்ளே போய் உறையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "முழுதும் இருக்கிறது. அப்பாவுக்கு இனி இவனைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும். திங்களிலிருந்து வேறு ஆளைப் பார்க்கிறோம்."

செய்த வேலைக்குக் கூலி கேட்டதற்கு அந்த வீட்டில் கிடைத்த தண்டனை அது. படித்த வீடு. பாலசுந்தரம் உறையை எடுத்தான். கிழவரின் முழங்காலில் இருந்து சரிந்த போர்வையை இழுத்துச் சரிசெய்தான். அதற்குப் பிறகுதான் வெளியே வந்தான்.

எங்களோடு வந்து மேலே ஏறாமல், தெருவிலேயே காத்து நின்றாள் புஸ்பவதி.

"கிடைச்சிட்டுது. வேலை போச்சு," என்றான் அவளிடம்.

அவள் அழவில்லை. என் பக்கம் திரும்பினாள். "கொடி கொண்டு வந்தனீங்களோ அண்ணை?"

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வெல்லாமல் திரும்பமாட்டேன் என்று தெரிந்துதானே கொண்டுபோனேன். அவள் அதைக் கழுத்தில் போடவில்லை, கைலேஞ்சித் துணியில் முடிந்துகொண்டாள்.

வேலை போன மனுசனிடம் நடுத்தெருவில் காசு வாங்குவது எனக்கும் ஒரு மாதிரித்தான் இருந்தது. "இப்ப இருக்கட்டும், பிறகு பாப்பம்," என்றேன்.

"மெய்யாத்தான் வேண்டாமோ அண்ணை, இல்லாட்டி மரியாதைக்குச் சொல்லுறியளோ?" என்று கேட்டாள் புஸ்பவதி. பிறகு புருசனிடம் சொன்னாள்: "எண்ணிக் குடுங்கோ. பேந்து குறைஞ்சதெண்டு ஒரு கதை வரக்கூடாது."

நான் கையை நீட்டினேன். பாலசுந்தரம் உறையைக் கிழித்து, ஐம்பது யூரோத் தாள்களை ஒவ்வொன்றாகச் சத்தமாக எண்ணி, என் உள்ளங்கையில் வைத்தான்.