மழைக்கு முன் கட்டிய புல்

சனிக்கிழமை காலை என் கணவர், ஃபிஜியில் எங்கள் மேட்டு வயலில், புல்லை வெட்டிப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை நெஞ்சு வலிக்கிறது என்றார். நாண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. தகனம் முடிந்து வீட்டுக்கு வந்தபோதும் எனக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தவர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் சபேட்டோ மலைப்பக்கம் மேகம் ஏறியது. வெட்டிய புல் காய்ந்து வரிசை வரிசையாகக் கிடந்தது. நனைந்தால் பூஞ்சை பிடிக்கும், மாடு மோந்துகூடப் பார்க்காது. நான் புடவையை மாற்றி, அவருடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு டிராக்டர் பக்கம் போனேன். புல் கட்டுகிற பேலரை அவரே பின்னால் மாட்டி வைத்திருந்தார்.

லவுட்டோக்கா டவுனில் ஆபீஸ் வேலை பார்க்கும் கொழுந்தனார் வீட்டிலிருந்து ஓடி வந்தார்.

"அண்ணி, சாம்பல்கூட இன்னும் கரைக்கல. ஊர் என்ன சொல்லும்?"

"புல்லு காஞ்சு கிடக்குதே தம்பி."

"நான் ஆள் பாக்கறேன்."

"மழைக்கு முந்தி யார் வருவாங்க? நீங்க புல்லுக்கட்டுகளை எடுத்து வண்டியில அடுக்குங்க, போதும்."

பேலர் புல்லை வாரி உள்ளே இழுத்தது, இடித்து இறுக்கியது, கயிறு போட்டு முடிந்து பின்னால் தள்ளியது. அந்த இடி இருக்கை வழியாக என் இடுப்பில் ஏறியது. வேறொன்றும் தெரியவில்லை. நடுவில் ஒரு பக்கத்துக் கயிறு முடிச்சு விழாமல் கட்டுகள் அவிழ்ந்தன. இஞ்சினை நிறுத்தி, கயிற்றைத் திரும்பக் கோத்துவிட்டு ஓட்டினேன்.

துக்கம் கேட்க, அவர்கள் வழக்கப்படி முடைந்த பாயும், இடித்துக் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேரும் எடுத்து வந்த பக்கத்துக் கிராமத்து ஃபிஜியர்கள், அவற்றை வீட்டில் வைத்துவிட்டு நேரே வயலுக்கு வந்தார்கள். ஆளுக்கொரு கட்டாகத் தூக்கினார்கள்.

கடைசி வண்டி கொட்டகைக்குள் போன பிறகுதான் மழை பிடித்தது. கொழுந்தனார் கட்டுகள் மேல் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையெல்லாம் கயிறு அறுத்த கோடு.

"அண்ணன் ஒருநாள்கூட என்னை இந்த வேலைக்குக் கூப்பிடல அண்ணி," என்று சொல்லிவிட்டு விம்மி விம்மி அழுதார்.

கை கழுவத் தண்ணீர் ஊற்றினேன்.

காரியம் முடியும்வரை சாப்பிட்டேன், தூங்கினேன், கேட்டதற்குப் பதில் சொன்னேன். அடுத்த வருஷம் புல்லை வெட்டியதும் கட்டியதும் நான்தான். பக்கத்துப் பண்ணைகளுக்கும் போய்க் கட்டிக் கொடுத்தேன். தைரியசாலி என்றார்கள். தைரியம் ஒன்றுமில்லை. உட்கார்ந்தால் அப்படியே உட்கார்ந்துவிடுவேன் என்று தோன்றியது, அவ்வளவுதான்.