இரண்டு இழுப்பு

மூன்றாவது முறையாக ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தினேன்.

கர்ர்ர்... கர்ர்ர்... அவ்வளவுதான். இன்ஜின் பிடிக்கவில்லை.

மணி காலை 5.52. ஏரியின் நடுவில், பனிமூட்டத்துக்குள், ஒரு போட்டிப் படகில் நான் ஒற்றை ஆள். ஒரு கை பட்டனில் இருந்தது. இன்னொரு கையால் என் வலது தொடைப் பட்டையில் மாட்டியிருந்த சிவப்புக் கயிற்றை இறுகப் பிடித்திருந்தேன். சற்று முன் அதை யாரோ இழுத்தார்கள்.

படகில் வேறு யாரும் இல்லை.

படித்துவிட்டு, 'சும்மா விடுறான்யா' என்று சிலர் சொல்வீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். எனக்கு இன்ஜின் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக ரேஸ் படகுகளுக்கு மெக்கானிக். பேய் பிசாசெல்லாம் எனக்குத் தெரியாது. தெரியாத விஷயத்தில் கதை கட்டவும் வராது. நடந்ததை, நடந்த நேரத்தோடு சொல்கிறேன். அதற்கு முன்னால், நான் ஏன் அந்த நேரத்தில் அங்கே கொதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் கிளப்பில் ரெட்டையண்ணன் என்று ஒருவர் இருந்தார். முப்பத்து நாலு வருஷம். கப் வாங்கியவர்கள் பேரெல்லாம் எனக்கு மறந்துபோகும். அவர் பேரை ஏரித் தண்ணீர்கூட மறக்காது. ரேஸ் படகில் ஒரு சிவப்புக் கயிறு உண்டு. ஒரு நுனி ஸ்டீயரிங் பக்கத்தில் உள்ள ஸ்விட்சில் மாட்டியிருக்கும், மறு நுனி ஓட்டுபவனின் தொடையில். ஆள் தூக்கி எறியப்பட்டால் கயிறு பிடுங்கிக்கொண்டு வரும், இன்ஜின் நிற்கும். கயிறு இல்லாவிட்டால், ஆளில்லாத படகு அதே வேகத்தில் வட்டம் போட்டுத் திரும்பி வரும். விழுந்தவன் மேலேயே வரும்.

ஒவ்வொரு ரேஸுக்கு முன்னாலும் அண்ணன் ஒவ்வொரு படகாக வருவார். படகின் இடது விளிம்பில் முழங்காலை ஊன்றுவார். கயிற்றை இரண்டு இழுப்பு இழுப்பார். சரியாக இருந்தால் ஹெல்மெட்டில் ஒரு தட்டு. "போ!" அந்தத் தட்டு விழாமல் ஒருத்தனும் ஸ்டார்ட் லைனுக்குப் போக முடியாது. ஒருமுறை கிளப் தலைவரையே இறக்கிவிட்டார். "தலைவர் பதவி கரையில. தண்ணியில நீயும் ஒரு மூட்டைதான், இறங்கு." அந்த இரண்டு இழுப்பால்தான் அவருக்கு ரெட்டையண்ணன் என்று பேர்.

அவர்தான் செத்தார். ஐந்து வாரத்துக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 10.20-க்கு, தன் ஒன்பதாம் நம்பர் படகை ஓட்டிப் பார்க்கப் போனவர், இரண்டாவது மிதவையில் திரும்பும்போது தூக்கி எறியப்பட்டார். இன்ஜின் நிற்கவில்லை. படகு திரும்பி வந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது படகு இன்னும் வட்டம் அடித்துக்கொண்டிருந்தது. அவர் தொடைப் பட்டை கிழிந்து கிடந்தது. கயிறு கிடைக்கவே இல்லை.

கிளப்பில் அவருக்கு நினைவுக் கூட்டம் வைத்திருந்தோம். அதற்கு முந்தின சாயங்காலம், கிளப் அறையில் செக்ரட்டரி விபத்து அறிக்கையைப் படித்தார். மறுநாள் காலை எட்டு மணிக்கு எல்லோர் முன்னிலையிலும் படித்து முடிப்பதாக ஏற்பாடு.

"'பாதுகாப்புக் கயிற்றை அணியாமல் சென்றதால் நேர்ந்த மரணம்.' அவ்ளோதான். சுருக்கமா முடிச்சுட்டேன்."

"அவர் கயிறு போடாம போகமாட்டார்," என்றேன்.

"இன்ஜின் ஓடிட்டு இருந்துச்சா, இல்லையா?"

"ஓடுச்சு."

"கயிறு போட்டிருந்தா நின்னிருக்குமா, இல்லையா?"

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன்.

"அப்புறம் என்னய்யா? ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில விழுந்துச்சாம்."

இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் இழுத்துப் பார்த்த கயிற்றால் உயிரோடு இருக்கிற இரண்டு பேர்! நான் நாற்காலியை எட்டி உதைத்துவிட்டு வெளியே வந்தேன். செத்தவன் எழுந்து வந்து பதில் சொல்ல மாட்டான் என்கிற தைரியம் அவர்களுக்கு.

வாசலில் அண்ணனின் மகள் போன் பண்ணினாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். என்னைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

"சித்தப்பா, அப்பா நிஜமாவே மறந்துட்டாரா? நாளைக்கு அதை எல்லார் முன்னாடியும் படிப்பாங்களாமே. நான் உட்கார்ந்து கேட்கணுமா?"

"படிக்க விடமாட்டேன்மா."

சொல்லிவிட்டேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம். செத்தவரின் படகை மற்றொருவர் தனியாக ஒரே ஒரு சுற்று ஓட்ட வேண்டும். மற்ற எல்லாப் படகும் இன்ஜினை அணைத்துவிட்டுக் கரையோரம் நிற்கும். மௌனச் சுற்று. ஓட்ட வேண்டியவன் நான். ஐந்து வாரம் தார்ப்பாய்க்குள் கிடந்த படகு. எட்டு மணிக்கு எல்லோர் எதிரிலும் மக்கர் பண்ணினால் மானம் போய்விடும். அதனால் விடியற்காலையிலேயே ஓட்டிப் பார்க்க வந்தேன். துணைக்கு வருகிறேன் என்ற மீட்புப் படகு ஆசாமி வரவில்லை. போன் பண்ணினால் குறட்டைதான் எடுத்திருக்கும். வந்த கோபத்தில் தனியாகவே இறங்கினேன்.

5.31. தார்ப்பாயை விலக்கினேன். பாய் காய்ந்திருந்தது. தரை காய்ந்திருந்தது. இருக்கை மட்டும் ஈரம். சொட்டச் சொட்ட ஈரம். எவனோ கழுவிவிட்டுத் துடைக்காமல் போயிருக்கிறான் என்று திட்டிக்கொண்டே துடைத்தேன்.

5.36. புதுக் கயிறு. முந்தின நாள் மத்தியானம் நானே வாங்கி, பையோடு கொக்கியில் தொங்கவிட்டது. பையைக் கிழித்தேன். உள்ளே கயிறும் நனைந்திருந்தது.

தொடையில் மாட்டினேன். மறு நுனியை ஸ்விட்சில் செருகினேன். கிளம்பினேன்.

5.46. முதல் மிதவை. இன்ஜின் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் படகு இடது பக்கம் சாய்ந்தது. எடையை இரண்டு பக்கமும் சமமாகத்தான் வைத்திருந்தேன். நான் வலது பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். சாய்வு மாறவில்லை. இடது விளிம்பில் ஒரு ஆள் முழங்காலை ஊன்றியதுபோல...

காற்று, என்று சொல்லிக்கொண்டேன். காற்றே இல்லை. பனி அசையாமல் நின்றது.

5.50. இரண்டாவது மிதவை. அவர் விழுந்த இடம். வேகத்தைக் குறைத்தேன்.

என் தொடையில் கயிறு அசைந்தது.

ஒரு இழுப்பு.

மெதுவாகத்தான்.

இன்னொரு இழுப்பு.

இன்ஜின் நின்றுவிட்டது. இருமல் இல்லை, திணறல் இல்லை, விளக்கை அணைத்ததுபோல நின்றது. குனிந்து பார்த்தேன். கயிறு ஸ்விட்சில் போட்டபடியே இருந்தது. கழன்றிருக்கவில்லை.

அப்போதுதான் மூன்று முறை பட்டனை அழுத்தினேன். 5.52.

நான்காவது முறை அழுத்தினேன். பிடித்தது! உறுமியது. கரைப் பக்கம் திருப்பினேன். பத்து கெஜம்கூடப் போயிருக்க மாட்டேன்.

இழுப்பு. இழுப்பு.

இந்த முறை பலமாக.

இன்ஜின் மறுபடியும் நின்றது.

ஒன்று சொல்கிறேன். பயத்தைவிட எனக்கு இன்னொன்றுதான் பெரிதாக இருந்தது. நான் காத்திருந்தேன். என்னை அறியாமல், தலையைக் குனிந்துகொண்டு, ஹெல்மெட்டில் விழ வேண்டிய அந்தத் தட்டுக்காகக் காத்திருந்தேன்.

விழவில்லை.

இடது பக்கம் பார்த்தேன். விளிம்பில் ஈரக் கை அடையாளம். வெளியே தண்ணீரிலிருந்து ஒருவர் பற்றியதுபோல. நான்கு விரல். அதில் மோதிர விரல் பாதிதான்.

ரெட்டையண்ணனுக்கு அந்த விரலில் பாதியை ஒரு புரொப்பல்லர் எடுத்துவிட்டிருந்தது.

எனக்கு வெறி வந்துவிட்டது. கத்தினேன்.

"என்னண்ணே வேணும் உங்களுக்கு? உங்களுக்காகத்தானே எல்லார்கிட்டயும் சண்டை போட்டுட்டிருக்கேன்! விடுங்க என்னை!"

அமைதி.

தண்ணீர்கூடச் சத்தம் போடவில்லை.

பிறகு கயிறு விறைத்தது.

இடது பக்கம் இல்லை. முன்பக்கம். ஸ்விட்ச் பக்கம்.

பட்டை தொடையில் அறுத்தது. நான் இருக்கையிலிருந்து முன்னால் இழுபட்டேன்... முகம் ஸ்டீயரிங்கில் இடித்தது...

டக்.

டக்.

சத்தம் வெளியே இல்லை.

டாஷ்போர்டு மூடிக்கு உள்ளே.

5.58.

கயிறு தளர்ந்தது.

அதற்குமேல் பட்டனைத் தொடவில்லை. துடுப்பை எடுத்தேன். கரையை அடையும்போது 6.31. படகைக் கட்டிவிட்டு அப்படியே படித்துறையில் உட்கார்ந்துவிட்டேன்.

6.45-க்கு மைக் செட்டுக்கு லைன் இழுக்க எங்கள் வயர்மேன் வந்தான்.

"என்னடா, மூஞ்சி வெள்ளையடிச்ச சுவர் மாதிரி இருக்கு?"

"அந்த டாஷ்போர்டு மூடியைத் திற."

"இப்பவா? பூ வளையமெல்லாம் வந்துட்டிருக்கு..."

"திறடா!"

என் குரல் கேட்டு மறுபேச்சுப் பேசாமல் திறந்தான். நான்கு ஸ்க்ரூ. உள்ளே டார்ச் அடித்தான்.

"எந்தப் புண்ணியவான் பார்த்த வேலை இது?"

"என்ன?"

"ஸ்விட்சுக்குப் போற ரெண்டு வயரையும் ஒண்ணா முறுக்கி, டேப் சுத்தி வெச்சிருக்கான். ஸ்விட்ச் சும்மா பொம்மை. கயிறு மாட்டினாலும் ஒண்ணுதான், மாட்டாட்டியும் ஒண்ணுதான். ஆள் விழுந்தாலும் இன்ஜின் நிக்காது."

நான் படித்துறைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"இப்ப நின்னுச்சு. ரெண்டு தடவை. ஏரி நடுவுல."

"கனவு கண்டியா?"

அவன் பட்டனைத் தொட்டான். முதல் அழுத்திலேயே இன்ஜின் பிடித்தது. கயிற்றைப் பிடுங்கினான். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. மறுபடி மாட்டி, மறுபடி பிடுங்கினான். ஓடிக்கொண்டேதான் இருந்தது. பெட்ரோல் சரி. பேட்டரி சரி. பிளக் சரி. கடைசியில் சாவியைத் திருப்பித்தான் அணைத்தான்.

"பாரு. இந்தக் கயிறால இந்த இன்ஜின் நிக்க வழியே இல்லை."

நான் பேன்ட்டைத் தொடைவரை சுருட்டிக் காட்டினேன். தொடையைச் சுற்றி இரண்டு கன்றிய கோடுகள். அவன் பார்த்தான். ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டான். அதன்பிறகு அந்தப் படகுப் பக்கமே அவன் போகவில்லை.

7.20-க்கு செக்ரட்டரி வந்தார். அவரைச் சட்டையைப் பிடித்து இழுத்துப் போய் அந்த முறுக்கைக் காட்டினேன்.

"அவர் கயிறு போட்டுத்தான் போயிருக்கார். படகுதான் நிக்கலை. உங்க பல்லி எந்தப் பானையில விழுந்துச்சுன்னு இப்பச் சொல்லுங்க!"

"கத்தாதய்யா... ஆளுங்க வர்றாங்க..."

"வரட்டும். அந்த வரியை அடிங்க. என் கண்ணு முன்னாடி அடிங்க."

பேனாவை எடுத்து அடித்தார். நேற்றுச் சிரித்த இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இன்னும் நாலு வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. கேட்டிருப்பேன்.

அண்ணனின் மகள் எங்கள் பின்னால் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. வயர்மேன் அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லியிருந்தான்.

"அப்போ அப்பா மறக்கலை," என்றாள்.

"மறக்கலைம்மா."

அவள் அழவில்லை. திறந்து கிடந்த டாஷ்போர்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்பா எதையும் இழுத்துப் பார்க்காம கிளம்பமாட்டாரே சித்தப்பா. அன்னைக்கு மட்டும் ஏன் கிளம்பினாரு?"

மணி 7.41. எனக்குப் பதில் தெரியும். ஐந்து வாரமாகத் தெரியும். அவள் அம்மாவிடம் சொல்லவில்லை. போலீஸிடம் சொல்லவில்லை. நேற்று அந்த அறையில் நாற்காலியை உதைத்தேனே, அப்போதும் சொல்லவில்லை.

அந்த இரண்டு வயரை முறுக்கியது நான். விபத்துக்கு முந்தின நாள், ஷெட்டில் இன்ஜினை ஓட்டிப் பார்க்கும்போது ஸ்விட்ச் தொந்தரவு கொடுத்தது. வேலை முடிந்ததும் பிரித்துவிடலாம் என்று முறுக்கினேன். மூடியைப் பூட்டும்போது போன் வந்தது. பேசிக்கொண்டே பூட்டினேன். வயர்மேன் மூடியைத் திறந்து டார்ச் அடித்த பிறகுதான் அது எனக்கு ஞாபகம் வந்தது.

ஆனால் இன்னொன்று எனக்கு ஒரு நாளும் மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை 10.05. அண்ணன் படகில் உட்கார்ந்து, கயிற்றை மாட்டிக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஊர்ல இருக்கிறவன் கயிறையெல்லாம் நான் இழுத்துப் பார்க்கிறேன். என் கயிறை எவன்டா பார்த்தான்?"

எனக்கு இன்னும் மூன்று படகு வேலை பாக்கி இருந்தது.

"நான் பார்த்தாச்சுண்ணே. நீங்க கிளம்புங்க," என்றேன்.

நான் பார்க்கவில்லை.