பாரிசில் ஒரு வெள்ளிக்கிழமை, பத்தரை முதல் பன்னிரண்டு வரை

அன்றைக்குப் பாரிசில் நாங்கள் மூன்று பேர். நான், என் வீட்டுக்காரர், அங்கே வைத்தியம் படித்துக்கொண்டிருந்த என் தம்பி சண்முகம். நாலாவதாக ஒருத்தி எங்களோடு இருந்திருக்க வேண்டும். அவள் இல்லாமல் போனதற்கு நான்தான் காரணம். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

போருக்கு முந்தின வருஷம், ஆனி மாசம் போனோம். என் வீட்டுக்காரருக்கு நிலக்கடலை வியாபாரம். பொம்மிடியில் ரயிலேறும் மூட்டைகள் புதுச்சேரி வழியாக மார்செய் துறைமுகம் போகும். அங்கே சரக்கில் ஒரு வழக்கு வந்து நேரில் போக வேண்டியதாயிற்று. "தம்பியப் பார்த்துட்டு வரலாம், நீயும் வா" என்றார். இப்போது போர் முடிந்து கப்பல் மறுபடி ஓடுகிறது. தருமபுரியில் இரண்டு வீடுகளில் பிள்ளைகளைப் படிக்க அனுப்பப் போகிறார்கள். "நீங்க போய் வந்தவங்க, எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள். நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. பஞ்சாங்கத்தைப் பார்த்து எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொம்மிடியிலிருந்து புதுச்சேரிக்கு ஒன்றரை நாள். கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறி, மார்செய் போய்ச் சேர மொத்தம் இருபத்திரண்டு நாள். முதல் ஐந்து நாள் வாந்தி. எலுமிச்சங்காய் ஊறுகாயும் வறுத்த கேழ்வரகு மாவும்தான் காப்பாற்றியது. நீங்கள் போனால் மாவு ஆளுக்கு நாலு படி எடுத்துக்கொள்ளுங்கள், மூன்று போதாது. மார்செயில் வழக்கு வேலை நாலு நாளில் முடிந்தது. வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ரயில், ஐந்நூற்று நாற்பது மைல், சாயங்காலம் ஆறரைக்குப் பாரிசு. சனிக்கிழமை காலையிலேயே திரும்பும் ரயில். ஆகையால் பாரிசு பார்க்க எங்களுக்கு இருந்தது வெள்ளிக்கிழமை ஒரே நாள்.

ஸ்டேஷனுக்குச் சண்முகம் வந்திருந்தான். மூன்று வருஷத்தில் பாதியாக இளைத்திருந்தான். "என்னடா, இங்க சோறே போடறதில்லையா?" என்றேன். "போடுறாங்க அக்கா, அதுல உப்புத்தான் போடறதில்ல" என்றான். இரவு எட்டரை மணிக்கும் வெயில் அடித்தது. "மாப்ள, இந்த ஊர்ல சூரியனுக்கு வூடு வாசல் கெடையாதா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அதை நான் அப்போது சிரித்து ஒதுக்கிவிட்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கிளம்புவதாகப் பேச்சு. வெள்ளிக்கிழமை ஆயிற்றே, குளித்துவிட்டு அறையில் சின்ன முருகன் படத்தை வைத்துக் கற்பூரம் ஏற்றினேன். புகை கதவுக்கு வெளியே போயிருக்கிறது. விடுதிக்கார அம்மாள் கூச்சல் போட்டுக்கொண்டு ஒரு குடம் தண்ணீரோடு ஓடி வந்துவிட்டாள். முருகன் மேல் ஊற்றாத குறை. சண்முகம் அவர்கள் பாஷையில் கெஞ்சிக் கூத்தாடிச் சமாதானம் செய்தான். எல்லாம் முடிந்து செருப்பைப் போடும்போது கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து முப்பத்திரண்டு.

செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"என்னக்கா?"

"வெள்ளிக்கிழமை பத்தரை பன்னெண்டு ராகு காலம். புது ஊர்ல மொத மொதல்ல வெளிய காலெடுத்து வைக்கறேன். பன்னெண்டு ஆகட்டும்."

"ராகுவுக்குக் கப்பல் டிக்கெட் யாரு அக்கா எடுத்தது?"

என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். சண்முகம் சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தையே பார்த்தான்.

"பதினோரு மணிக்கு மாதா கோயில் வாசல்ல ஒருத்தங்கள வரச் சொல்லியிருக்கேன் அக்கா. பன்னெண்டுக்கு அவங்க போயாகணும், ரயிலு."

"யாரு?"

"கூடப் படிக்கிறவங்க."

"கூடப் படிக்கிறவங்கன்னா சித்த நிப்பாங்க."

"நீ வேணா போய்ச் சொல்லிட்டு வா மாப்ள" என்றார் என் வீட்டுக்காரர்.

"நான் மட்டும் போயி என்னத்தச் சொல்றது மாமா? இவங்க பாஷையில ராகு காலத்துக்கு வார்த்தை இல்ல. எங்கக்கா வர மாட்டேங்குதுன்னுதான் சொல்ல முடியும்."

அப்படிச் சொல்லிவிட்டு ஜன்னலோரம் போய் நின்றான். இன்னொரு தடவை கேட்கவில்லை. பெரியவர்கள் பேச்சைத் தட்டாத பிள்ளை என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். ஒன்றரை மணி நேரமும் கந்தன் பேரில் தெரிந்த பாட்டையெல்லாம் பாடினேன். அவன் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

சரியாகப் பன்னிரண்டுக்கு வலது காலை வைத்து இறங்கினேன். மாதா கோயில் ஆற்றின் நடுவில் ஒரு தீவில் இருக்கிறது. விடுதியிலிருந்து ஒரு மைல், நடந்து இருபது நிமிஷம். வாடகைக் கார் வேண்டாம், நடந்தாலே ஊர் தெரியும். ஆனால் சண்முகம் நடக்கவில்லை, ஓடினான். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் தூண் தூணாகத் தேடிவிட்டு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தான். மெழுகுவர்த்தி விற்கும் ஒரு கிழவி அவனிடம் ஏதோ சொல்லி ஒரு பூக்கொத்தைக் கையில் கொடுத்தாள். சின்னச் சின்ன வெள்ளை ரோஜா. அவன் அதை என்னிடம் நீட்டினான்.

"எவ்வளவு குடுத்த?"

"காசில்லக்கா. உனக்குத்தான்."

பார்த்தால், நம்ம ஊரில் தொடுப்பது போல நூல் போட்டுச் சரமாகத் தொடுத்திருந்தது. ஆனால் முடிச்செல்லாம் தளர்ந்து பூ நழுவிக்கொண்டிருந்தது. "இந்தூருப் பூக்காரிக்குத் தொடுக்கவே தெரியலயே" என்றேன். அந்த வார்த்தையை நான் சொன்னபோது அவன் முகம் போன போக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. தலையில் வைத்தால் உதிரும் என்று தோன்றியது. கோயிலுக்குள் போய் மாதாவின் காலடியில் வைத்தேன். மாதாவும் அம்மன்தானே என்று நினைத்தேன். அந்தக் கோயிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெயில் வண்ணக் கண்ணாடி வழியாக இறங்கித் தரையில் சிவப்பும் நீலமுமாகக் கிடக்கிறது. உள்ளே போகக் காசு இல்லை. முக்காடு போட்டுக்கொள்ள வேண்டும், நம் முந்தானையே போதும்.

இரண்டரைக்கு இரும்புக் கோபுரம். மின்தூக்கியில் இரண்டாம் அடுக்கு வரை மூன்று பேருக்கும் முப்பது பிராங்க், நம் கணக்கில் இரண்டு ரூபாய் ஐந்தணா. மேலே காற்று பிய்த்துக்கொண்டு போகிறது, ஆனி மாசத்திலும் சால்வை வேண்டும். ஊர் முழுக்கத் தெரிகிறது. என் வீட்டுக்காரர் ஒவ்வொரு கட்டிடமாகக் காட்டி இது என்ன, அது என்ன என்று கேட்க, சண்முகம் ஒரு வார்த்தை, அரை வார்த்தையில் பதில் சொன்னான். அவன் ஒரு திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் ரயில் புகை தெரிந்தது.

"ஆறாயிரம் மைல் தாண்டி வந்திருக்கோம். மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கறயே" என்று கடிந்துகொண்டேன்.

"ஒண்ணுமில்லக்கா. பசி" என்றான்.

மாவைக் கரைத்துக் கொடுத்தேன். குடித்தான். மறுநாள் ரயில் நகரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீ பார்க்கணும்னு நெனச்சேன்" என்றான். ஊரைத்தான் சொல்கிறான் என்று நினைத்து, "அதான் எல்லாம் பார்த்துட்டமே" என்றேன்.

ஊர் வந்து இரண்டு மாசம் கழித்து அவன் கடிதம் வந்தது. மாதா கோயில் வாசலில் ஒரு மணி நேரம் நின்றவள் பேர் லூசி. அவனோடு வைத்தியம் படித்தவள். அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டிருக்கிறான். வெள்ளைக்காரப் பெண் என்று காதில் விழுந்தாலே நான் கதவைச் சாத்திவிடுவேன், முகத்தைப் பார்த்துவிட்டால் சாத்த மாட்டேன் என்று நினைத்து, முன்கூட்டி எதுவும் சொல்லாமல் வைத்திருக்கிறான். நான் சொன்னால்தான் எங்கள் அப்பா கேட்பார் என்று அவனுக்குத் தெரியும். அவள் வீட்டில் வேறு இடம் பார்த்திருந்தார்கள். அன்றைக்குப் பகல் ரயிலில் ஊருக்குப் போய்ப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பன்னிரண்டு வரை நின்றாள். "உன் அக்கா என்னைப் பார்க்கவே விரும்பவில்லை, புரிந்துகொண்டேன்" என்று பிறகு எழுதினாளாம். நம் பெண்கள் தலையில் பூ வைப்பார்கள் என்று இவன் சொல்லக் கேட்டு, முந்தின நாள் முழுக்க உட்கார்ந்து இவனிடமே தொடுக்கக் கற்றுக்கொண்டு, எனக்காகக் கட்டி, போகும்போது அந்த மெழுகுவர்த்திக் கிழவியிடம் விட்டுப்போன சரம் அது.

கடிதத்தில் என்மேல் ஒரு குறையும் எழுதவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அதியமான்கோட்டை பைரவர் கோயில் பஞ்சாங்கக்காரரிடம் போய் அழுதேன். அவர் எல்லாம் கேட்டுவிட்டு, "ஏம்மா, அந்தூர்ல சூரியன் எப்ப உதிக்குது, எப்ப சாயுது?" என்றார். காலை ஐந்து, இரவு ஒன்பது என்றேன். மணலில் விரலால் கணக்குப் போட்டார்.

"பகலு பதினாறு மணி நேரம். எட்டால வகுத்தா ரெண்டு ரெண்டு மணி. வெள்ளிக்கெழம நாலாம் பாகம். பதினொண்ணுலேந்து ஒண்ணு வரைக்கும்மா. பத்தரை பன்னெண்டு நம்மூருக்குப் போட்ட கணக்கு."

பத்து முப்பத்திரண்டுக்குக் கிளம்பியிருந்தால் நல்ல நேரம். நான் வலது காலை எடுத்து வைத்தது ராகு காலத்தின் நட்ட நடுவில்.

மன்னிப்புக் கேட்டுப் பெரிய கடிதமாக ஒன்று எழுதினேன். "விடுக்கா" என்று இரண்டு வரி பதில் வந்தது. அதன் பிறகு போர் வந்தது. பாரிசு விழுந்தது என்று பேப்பரில் படித்ததிலிருந்து அவனிடமிருந்து ஒரு கடுதாசி இல்லை. தபால் திறந்த பிறகு இரண்டு எழுதினேன், இரண்டுக்கும் பதில் இல்லை. அப்பா போன வருஷம் காலமானார். கடைசியில் "அந்தப் பொண்ணயே கட்டிக்கச் சொல்லு" என்றார். அதைச் சொல்ல ஆள் எங்கே என்று தெரியவில்லை.

போகிறவர்களுக்கு நான் சொல்வது. சால்வை, மாவு, ஊறுகாய் எடுத்துக்கொள்ளுங்கள். கற்பூரத்தை விடுதியில் ஏற்றாதீர்கள். ராகு காலம் பார்க்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன், நான் இன்றைக்கும் பார்க்கிறேன். அந்த ஊர்ச் சூரியனை வைத்துப் பாருங்கள். அதைவிட, வாசலில் ஒருத்தர் நிற்கிறார் என்று பிள்ளை சொன்னால், யார், எதற்கு நிற்கிறார் என்று இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள். நான் ஒரு கேள்வி கேட்டு, பாதிப் பதிலோடு நிறுத்திவிட்டேன்.

பாரிசு போகிற யாரானாலும், மாதா கோயிலுக்குத் தெற்கே பாலம் தாண்டி, வைத்தியக் கல்லூரிப் பின் தெருவில் சண்முகம் என்று விசாரியுங்கள். நெற்றியில் இடப்பக்கம் தழும்பு இருக்கும். கண்டால், அப்பா சம்மதம் சொல்லிவிட்டார், அக்கா பார்க்கக் காத்திருக்கிறாள் என்று சொல்லுங்கள். இருக்கிறான், இல்லை, எதுவானாலும் அதியமான்கோட்டை கடலை மண்டி வீட்டுக்கு ஒரு கார்டு போட்டால் வந்து சேரும். தயவுசெய்து சீக்கிரம் எழுதுங்கள்.