கந்தசஷ்டி விரதமும் டொக்டர் யோகாவும்

டொக்டர் யோகாவின் பேச்சை எடுத்தாலே எங்கள் சனத்துக்கு ஒரு மிடுக்கு வந்துவிடும். வராமல் பின்னே! எழுபத்தைந்தாம் ஆண்டில் சிட்னியில் தமிழரை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதற்குள் ஓர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் எங்கள் பெண் ஒருத்தி டொக்டர் என்றால் சும்மாவா?

கந்தசஷ்டி நாட்கள். ஒரு ஞாயிறு மத்தியானம், ஸ்ட்ராத்ஃபீல்டிலிருந்து கணேசலிங்கம் தன் மனைவி சந்திரவதனாவைக் காரில் போட்டுக்கொண்டு யோகாவின் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தான். முருகன் படத்துக்கு விளக்குக் கொளுத்தப் போனவள் அப்படியே சரிந்துவிட்டாளாம்.

"விரதம், டொக்டர். பாலும் பழமும்தான். சொன்னால் கேக்கிறாளே?" என்று கையைப் பிசைந்தான்.

கூட வேலை செய்த வெள்ளைக்கார டொக்டர், பட்டினி மயக்கம், சேலைன் ஏற்றினால் எழும்பிவிடுவாள் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். யோகாவுக்கு மனம் ஒப்பவில்லை. அவளுடைய அம்மா ஆறு நாளும் விரதமிருந்துகொண்டே வீட்டில் எல்லாருக்கும் சமைத்துப் போட்டவர். அந்த முகம் ஒருநாளும் இப்படிச் சுண்ணாம்பாய் வெளுத்ததில்லை. இவளுக்கோ நாடி பறந்தது, இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. வயிற்றைத் தொட்டால் துடித்தாள். தோளும் நோகுது என்றாள். வயிற்றுக்குள் இரத்தம் தேங்கினால் தோளில் வலி காட்டும் என்பது யோகாவுக்குத் தெரியும்.

கர்ப்பமோ என்று முதலிலேயே கேட்டிருந்தார்கள். புருஷன் முந்திக்கொண்டு இல்லை என்றான். அவளும் தலையாட்டிவிட்டாள்.

யோகா அவனை வெளியே அனுப்பிவிட்டுத் திரையை இழுத்தாள். "தங்கச்சி, முழுகாமல் இருக்கிறீரோ? உண்மையைச் சொல்லும்."

சந்திரவதனாவின் கண் நிறைந்தது. "ஓம் அக்கா. அவருக்கும் சொல்லேல்லை. மூண்டு மாசம் போகமுதல் வாய் திறந்தால் தங்காது எண்டு பயம். எத்தினை வரியமாய் இதுக்குத்தானே விரதம் பிடிக்கிறன்!"

அட கடவுளே! பிள்ளை கேட்டுப் பிடித்த விரதமே ஆபத்தை மூடி மறைத்துவிட்டதே!

யோகா அவள் வயிற்றில் ஊசி விட்டு இழுத்தாள். உறையாத இரத்தம் வந்தது. கரு கர்ப்பப்பைக்கு வராமல் குழாயிலேயே வளர்ந்து, குழாய் வெடித்திருந்தது. அந்த ஊசியைக் கொண்டுபோய் வெள்ளைக்காரரின் மூக்குக்கு முன்னால் பிடித்தாள். மனுஷன் கட்டிலைத் தானே தள்ளிக்கொண்டு ஒப்பரேஷன் தியேட்டருக்கு ஓடினார். இரண்டு கையிலும் இரத்தம் ஏறியது. வயிற்றைத் திறந்து, வெடித்த குழாயைக் கவ்விப் பிடித்து வெட்டி எடுத்த பிறகுதான் இரத்தப்பெருக்கு நின்றது. வெறும் சேலைனோடு விட்டிருந்தால் பொழுதுபடும்போது ஆள் இருந்திருக்க மாட்டாள்.

கண் விழித்தவள் முதலில் கேட்டது, "அக்கா, இனி எனக்கு இல்லையோ?"

"ஏன் இல்லை? மற்றக் குழாய் நல்லாய் இருக்கு. ஆனால் அடுத்தமுறை நாள் தள்ளினவுடனே எனக்குச் சொல்லவேணும். கரு எங்க தங்கியிருக்கு எண்டு பாக்கவேணும். மூண்டு மாசக் கதையெல்லாம் என்னட்டை வேண்டாம்!"

அடுத்த வருஷம் ஒரு காலை யோகாவின் வீட்டில் தொலைபேசி அடித்தது. எடுத்தால் குசுகுசுப்பு.

"அக்கா, அவர் குசினிக்குள்ள தேத்தண்ணி போட்டுக்கொண்டு நிக்கிறார். அவருக்கே இன்னும் சொல்லேல்லை. முதல் உங்களுக்குத்தான்."

பெற்ற தாய்க்கும் கட்டிய புருஷனுக்கும் முந்தி! யோகாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "வெளிக்கிட்டு நில்லும் தங்கச்சி, வாறன்," என்று கார்ச் சாவியை எடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் ஸ்கான் எடுத்துப் பார்த்தால், இந்த முறை கரு இருக்கவேண்டிய இடத்தில்தான் இருந்தது.