அழுகாச்சி வேண்டாம்

என் கதைகளைப் படித்த சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "ஏத்தா, நல்லதா ஒண்ணு எழுதவே மாட்டியா? எப்பப் பாத்தாலும் அழுகாச்சியாவே எழுதுற?" கல்யாண வீட்டுப் பந்தியில் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே கேட்பார்கள். இருக்கிற கவலை பத்தாதா, கதையிலும் அதுவா, மனுசன் கொஞ்ச நேரம் சிரிக்க வேண்டாமா என்பார்கள். முன்பெல்லாம் பதில் சொல்லிப் பார்த்தேன். இப்போது பதிலுக்கு ரசம் ஊற்றச் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு நடந்ததைப் பார்த்த பிறகு, அந்தக் கேள்வி காதில் விழுந்தாலே எனக்குப் பந்தியை விட்டு எழுந்துவிடலாம் போலிருக்கிறது.

கூடப் பிறந்தவர்கள் நாங்கள் மூன்று பேர். அக்கா மூத்தவள், அண்ணன் நடு, நான் கடைசி. நான் அருப்புக்கோட்டையில் இருக்கிறேன். பரளச்சிப் பக்கம் எங்கள் ஊரில் அண்ணன் வீட்டோடு அக்கா இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் சின்ன வயதிலேயே போய்விட்டார். ஒரே மகன். அவனைப் படிக்க வைத்து, வேலையில் சேர்த்து, பொண்ணு பார்க்கலாம் என்று பேச்சு எடுத்த சமயம், திருச்சுழி ரோட்டில் பைக்கில் போனவனை லோடு லாரி அடித்துவிட்டது.

அவனை வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கியபோது அக்கா வாசலில் நின்றிருந்தாள். முகத்தைப் பார்த்தாள். நெஞ்சில் கை வைத்து, வாயைத் திறந்து, முதல் சத்தம் வெளியே வருவதற்குள் நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். "அழுகாத, பிபி ஏறிரும்", "அழுகாத, நீயும் விழுந்துட்டா யாரு பாக்குறது" என்று ஆளுக்கொரு பக்கம் அதட்டினார்கள். யாரோ போய் ஊசி போடுகிற ஆளைக் கூட்டிவந்தார்கள். ஊசியைப் போட்டு அறைக்குள் படுக்க வைத்தார்கள். அக்கா கண் விழித்தபோது வெளியே பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பெற்றவளைத் தூங்க வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன புண்ணியவான்கள், போகும்போது "எல்லாம் நல்லபடியா முடிஞ்சது" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்று உள்ளே போன அழுகை அக்காவிடமிருந்து வெளியே வரவே இல்லை. அவள் சோறு பொங்கினாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். கண் மட்டும் காய்ந்துபோய்க் கிடந்தது. "எம்புட்டுத் தைரியமா இருக்குறாக பாருங்க" என்று ஊரே மெச்சியது. எனக்குப் பயமாக இருந்தது.

அண்ணன் கெட்டவன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்கா சாப்பிட்டாளா என்று கேட்காமல் அவன் தட்டின் முன் உட்கார மாட்டான். ஆனால் அவளைச் சந்தோஷமாக வைத்துக்கொள்வது என்று ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். அப்படி ஒருவன் முடிவெடுத்துவிட்டால் அந்த வீட்டில் யாரும் மூச்சு விட முடியாது. முதலில் சுவரிலிருந்து அக்கா மகன் படத்தைக் கழற்றினான். அந்த ஆணியில் அருவி படம் போட்ட காலண்டர் வந்து தொங்கியது. மழையே பார்க்காத ஊரில் வருசம் முழுக்கக் கொட்டுகிற அருவி. அடுத்து, அவன் பெயரை யாரும் சொல்லக்கூடாது என்றானது. தவிர்க்க முடியாமல் சொல்ல வேண்டி வந்தால் "அந்த விசயம்" என்பார்கள். மாமா மாமா என்று இவன் தோளில் தொங்கி வளர்ந்த பிள்ளை, ஒரு விசயமாகிப் போனான்.

அப்புறம் அந்த டிவி. விடிந்ததும் காமெடி சேனலைப் போட்டால் படுக்கப் போகும்வரை அதுதான். ஒருவன் இன்னொருவனை உதைப்பான், உதைபட்டவன் சாணியில் விழுவான், எங்கிருந்தோ நூறு பேர் சிரிக்கிற சத்தம் வரும். பிள்ளையைப் பறிகொடுத்தவள் எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள். அந்த வெங்காயத்துக்குக்கூட அவள் கண்ணில் தண்ணீர் வராது. நான் போகும்போதெல்லாம் அந்தச் சிரிப்புச் சத்தம்தான் என்னை வாசலில் வந்து வரவேற்கும். எச்சில் இலையை மிதித்தது மாதிரி இருக்கும் எனக்கு.

ஒரு நாள் மத்தியானம் அண்ணன் டவுனுக்குப் போயிருந்தான். சேனலை மாற்றிக்கொண்டே வந்தேன். பழைய படம் ஒன்று ஓடியது. அதில் ஒரு தாய், மகனைப் பறிகொடுத்தவள், அவன் சட்டையை மடியில் போட்டுக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள். நான் பதறிப்போய் மாற்றப் போனேன். "இருக்கட்டும்" என்றாள் அக்கா. மடியிலிருந்த வெங்காய முறத்தைக் கீழே வைத்தாள். டிவியில் அந்த அம்மாள் அழ ஆரம்பித்தாள். அக்காவின் கை மெதுவாக முந்தானையைத் தேடிப் போனதைப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து அண்ணன் உள்ளே வந்தான்.

"ஏத்தா, ஒனக்கு அறிவிருக்கா? இதையா போட்டுக் காமிக்கிற?" என்று என் கையிலிருந்த ரிமோட்டைப் பிடுங்கினான். அடுத்த நொடி டிவியில் ஒருவன் வாளித் தண்ணீரில் தலைகுப்புற விழுந்தான். நூறு பேர் சிரித்தார்கள். அக்கா முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் கை மறுபடியும் வெங்காயத்துக்குப் போய்விட்டது.

எனக்கு அன்றைக்குத்தான் விசயம் புரிந்தது. தன் பிள்ளைக்கென்று அழ அவளுக்கு அந்த வீட்டில் அனுமதி இல்லை. திரையில் யாரோ ஒருத்தி, யாரோ எழுதிய வசனத்தைப் பேசிக்கொண்டு, அவளுக்குக் கொஞ்சம் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். நீயும் வா, இங்கே அழலாம் என்றாள். சோகக் கதை செய்கிற வேலை அவ்வளவுதான். அதைச் செய்ய உலகத்தில் வேறு எதற்கும் வக்கு கிடையாது. தக்காளிச் சோறு தின்றுகொண்டு "பாசிட்டிவா எழுதுங்க" என்று எனக்குப் புத்தி சொல்கிறவர்களுக்கு இது எங்கே புரியப்போகிறது.

அந்த வருசம் மழை ஏமாற்றிவிட்டது. ஐப்பசி பிறந்தும் ஒரு துளி இல்லை. மக்காச்சோளம் முழங்கால் உயரத்தில் சுருண்டது. கொத்தமல்லி முளைக்கவே இல்லை. மழைச்சோறு எடுக்கலாம் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். மழை பெய்யாவிட்டால் எங்கள் பக்கம் அப்படி ஒரு வழக்கம். பெண்கள் பானையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பிச்சை கேட்பார்கள். கிடைக்கிற கஞ்சி, கூழ், பழைய சோறு எல்லாவற்றையும் ஒன்றாகக் கரைத்து, வறண்ட கண்மாய்க்குள் உட்கார்ந்து, உப்பில்லாமல் குடிப்பார்கள். அப்புறம், இந்த ஊரில் இனிப் பிழைக்க முடியாது, நாங்கள் போகிறோம் என்று ஒப்பாரி வைப்பார்கள். காடு கரை உள்ளவளும் கூலிக்குப் போகிறவளும் ஒரே பானையில் குடித்து ஒன்றாக அழ வேண்டும். மேலே இருக்கிறவனுக்கு அதைப் பார்த்து மனசு இளகும் என்று நம்பிக்கை.

ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். அண்ணனும் அதில் ஒருவன். பிச்சை எடுப்பது ஊருக்குக் கேவலம் என்றார்கள். ஒப்பாரி அபசகுனம் என்றார்கள். கடைசியில் அருப்புக்கோட்டையிலிருந்து சமையல் ஆட்களைக் கூட்டிவந்து கண்மாய்க்குள் வெஜிடபிள் பிரியாணி போட்டார்கள்! தயிர்ப் பச்சடியோடு. ரேடியோ செட் வைத்திருக்கிறவர் ஆளுயரப் பெட்டிகளை இறக்கிக் குத்துப்பாட்டுப் போட்டார். அவர் யூடியூப் சேனலும் நடத்துகிறவர். பாட்டும் போட்டார், படமும் பிடித்தார். வெடித்துக் கிடந்த கண்மாய் மண்ணில் பாக்கு மட்டைத் தட்டுகள் பறந்தன. நானும் போயிருந்தேன். முதல் வாயை முழுங்க முடியாமல் துப்பினேன்.

என் பக்கத்திலிருந்த ஒரு பெண் வாய் நிறைய மென்றுகொண்டே சொன்னாள். "பிரியாணியத் தின்னுக்கிட்டுப் பஞ்சம் பஞ்சம்னா எவன் நம்புவான்? மேல இருக்குறவன் பாத்துக்கிட்டுத்தான இருப்பான்."

மழை வரவில்லை. பிறகு ஒரு நாள் காலையில் பெண்கள் ஆண்களிடம் கேட்காமல் பானையைத் தூக்கினார்கள். தகவல் கிடைத்து நான் முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன். தெருவில் வந்த கூட்டத்தில் அக்காவும் இருந்தாள். இடுப்பில் பானை. அண்ணன் வாசலில் நின்று பார்த்தான். மழைக்காகப் போகிறவளை எப்படித் தடுப்பது? அவன் வீட்டு வாசலிலேயே அக்கா கையேந்தி நின்று, அவன் மனைவி, என் மதினி, ஊற்றிய கஞ்சியை வாங்கிக்கொண்டு நடந்தாள்.

கண்மாய்க்குள் வட்டமாக உட்கார்ந்து குடித்தோம். புளித்த வாடை. உப்பில்லாமல் தொண்டையில் இறங்க மறுத்தது. யாரோ ஒருத்தி பாட்டை எடுத்தாள். ஒவ்வொருத்தியாக ஆளுக்கு ஓர் அடி கட்டிப் பாடினார்கள். அக்காவின் முறை வந்தது.

"கண்மாயும் வத்திருச்சே, என்
கண்ணு ரெண்டும் வத்திருச்சே" என்று எடுத்தாள். குரல் துருப்பிடித்துக் கிடந்தது. இரண்டாம் தடவை பாடும்போது உடைந்தது. அடுத்த அடியில் மழையைக் கூப்பிட வேண்டும். அவள் மகனைக் கூப்பிட்டாள், பெயர் சொல்லி. ஊரே மறைத்து வைத்திருந்த அந்தப் பெயர் காய்ந்த கண்மாய் முழுக்கக் கேட்டது. ஒருத்தியும் அழாதே என்று சொல்லவில்லை. எல்லோரும் சேர்ந்து அழுதார்கள். அவரவர் வீட்டில் யாருக்காவது மிச்சம் வைத்திருந்த அழுகையையும் சேர்த்து அழுதார்கள் என்றுதான் நினைக்கிறேன். திரும்பி வரும்போது அக்காவின் முகம் வீங்கியிருந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

இதோடு முடிந்திருந்தால் நான் சந்தோஷமாக இருந்திருப்பேன். மறுநாள் என் போனுக்கே அந்த வீடியோ வந்தது. ரேடியோ செட்காரர் கரையில் மறைந்து நின்று எடுத்திருக்கிறார். 'கதறிய தாய்! கடைசி வரை பாருங்கள்' என்று தலைப்பு. அக்காவின் குரலுக்கு மேல் வயலினைப் பூசியிருந்தார். அவள் வாய் கோணுகிற இடத்தை மெதுவாக ஓட விட்டு, இரண்டாம் தடவையும் காட்டினார். நடுவில் பனியன் விளம்பரம். கீழே 'சூப்பர் அம்மா' என்று எழுதி, அழுகிற பொம்மைகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். அழுகையே கூடாது என்றவர்கள் ஒரு பக்கம், அழுகையை ஊறுகாய் மாதிரித் தொட்டு நக்குகிறவர்கள் ஒரு பக்கம். இரண்டு கூட்டத்துக்கும் அக்காவின் துக்கம் தேவையில்லை. இவ்வளவு நாளும் நான் அழுகைக்குக் கட்சி கட்டிப் பேசியது இதற்காகவா என்று என் மேலேயே வெறுப்பு வந்தது.

நான் ஊருக்குப் போனபோது அண்ணன் கொதித்துக்கொண்டிருந்தான். "அவன் கைய ஒடிக்காம விடமாட்டேன். குடும்ப மானம் போச்சு. இதுக்குத்தான் அழுகாச்சியே வேணாம்னேன்." அக்கா போனைக் கேட்டாள். அவன் கொடுக்கவில்லை. நான் என் போனைக் கொடுத்தேன்.

அக்கா முழுவதையும் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. பனியன் விளம்பரத்தையும் பொறுமையாகப் பார்த்தாள். முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து போடச் சொன்னாள். அப்புறம் போனை என்னிடம் நீட்டினாள்.

"அவன் பேரு வார எடத்தக் காணோமே" என்றாள்.

ஆமாம். மழைக்கென்று அழுத மாதிரி இருக்கட்டும் என்று, மழையைப் பற்றி இல்லாத அடிகளையெல்லாம் ரேடியோ செட்காரர் வெட்டியிருந்தார்; அதோடு அதுவும் போயிருந்தது.

"விடுக்கா. நான் அந்த வீடியோவயே எடுக்கச் சொல்றேன்" என்றான் அண்ணன்.

"எடுக்க வேணாம். அந்த எடத்தையும் சேத்துப் போடச் சொல்லு. அவனுக்குன்னு நான் அழுததே அது ஒண்ணுதான்."

அண்ணன் ரேடியோ செட்காரருக்குப் போன் போட்டான். அந்த முனையில் எடுத்ததும், கையை ஒடிப்பேன் என்றவன் குரல் தணிந்துதான் பேசினான். "அந்தப் பாட்டுல நடுவுல கொஞ்சம் வெட்டிட்டப்பா. அதச் சேத்துப் போடு... ஆமா, பேரு ஒண்ணு வரும். அந்த எடந்தான்."

போனில் கேட்ட பதில் எனக்கும் காதில் விழுந்தது. "நெறைய பேரு மாத்தி மாத்திப் பாடுனாகண்ணே. எந்த எடம்? என்ன பேருண்ணே வரும்?"

அண்ணன் வாயைத் திறந்தான். அருவிக் காலண்டரைப் பார்த்தான். அந்தப் பக்கம் "அண்ணே, அண்ணே" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் பெயரைச் சொன்னான். சொன்ன கையோடு போன் நழுவிக் கீழே விழுந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, பிள்ளையைத் தூக்கிப்போன அன்றைக்குக்கூட அழாதவன், ஓவென்று கத்தி அழுதான்.

நான் பழக்க தோஷத்தில் எழுந்து, "அழுகாதண்ணே" என்று கிட்டே போனேன். அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"சும்மா இரு. அவன அழுக விடு."